முள்ளம்பன்றிக்கு ஒரு வேலி

மூன்று வாரத்துக்கு முன், ஞாயிறு பூசை முடிந்த கையோடு இங்கே இத்தாலியில், நகரத்துக்கு வெளியே இருக்கும் சியாகுல்லிக்கு பஸ் ஏறினேன். அங்கே ஒரு மண்டரின் ஆரஞ்சுத் தோட்டத்தில்தான் என் அக்காவின் கணவர் அந்தோனி அத்தானுக்கு வேலை. தோட்டத்துக்கு முள்ளம்பன்றி வருகிறது என்று டெலிபோனில் சொல்லியிருந்தார். உண்மையைச் சொல்லிவிடுகிறேன் – நான் மிளகாய்த்தூளும் கொண்டுதான் போனேன்.

மன்னாரில் அத்தான் பேர்போன வேட்டைக்காரர். அன்றைக்கு அவர் முகமே சரியில்லை.

"கறி எங்கை அத்தான்?"

"கறியோ? அங்கை பொந்துக்கை ரெண்டு குட்டி கிடக்கு. முள்ளுகூட இன்னும் இறுகேல்லை. பேசாமல் வா."

தாய், மண்டரின் கன்றுகளின் பட்டையை உரித்துத் தின்கிறதாம். பொந்தைச் சீமெந்தால் அடைக்கச் சொல்லிவிட்டார் தோட்டத்துச் சொந்தக்கார அம்மா, சிஞ்ஞோரா. அதைக் கொல்ல இத்தாலியில் தடை என்று அத்தான் சொல்லிப் பார்த்திருக்கிறார். "கொல்லச் சொன்னேனா? மூடத்தானே சொன்னேன்" என்றாராம் அந்த அம்மா. இது என்ன நியாயம்?

கன்றுகளைச் சுற்றி வேலி போட்டுத் தருகிறேன், ஒரு வாரம் பொறுங்கள் என்று அத்தான் கெஞ்சித் தவணை வாங்கியிருந்தார். வேலி... எங்களுக்குச் சொல்லித் தரவேண்டுமா? ஒரு சாண் நிலத்துக்கு வேலி போட்டுவிட்டு வாழ்நாள் முழுக்கக் கதைக்காமல் இருந்த பரம்பரை அல்லவா? பழைய கம்பிவலையை ஒரு முழம் மண்ணுக்குள் இறக்கி, நாணல் வெட்டிக் கட்டி, பின்னேரம் கடைசி மூலையை மட்டும் அத்தானிடம் விட்டுவிட்டுப் பஸ் ஏறினேன்.

புதன்கிழமை அத்தானின் டெலிபோன். "மூண்டு கண்டைத் திண்டுபோட்டுது. சிஞ்ஞோரா சீமெந்து இறக்கியிட்டா."

வேலை முடிந்ததும் ஓடினேன். வேலியைப் பார்த்ததும் தலையில் அடித்துக்கொண்டேன். பக்கத்து வளவுக்குப் போய்வர, வேலியில் பொட்டு என்று ஒரு திறப்பு விடுவோமே... கைப்பழக்கத்தில் அத்தான் இங்கேயும் ஆள் நுழையுமளவு விட்டிருக்கிறார். அதுவும் பொந்துக்கு நேரே!

"அதோடை சம்பந்தம் கலக்கப் போறியளோ?" என்று ஏசினேன்.

"வேலியெண்டால் பொட்டு விடத்தானே வேணும்..." என்றார், பாவம்.

இரண்டு பேருமாக அப்போதே அடைத்தோம். ஞாயிறு வரை பார்ப்பேன், பிறகு பொந்தை மூடுவேன் என்றார் சிஞ்ஞோரா. அந்த நாலு நாளும் விடிந்தால் அத்தானுக்கு டெலிபோன் எடுத்தேன்.

ஒரு கன்றிலும் பல் படவில்லை. சீமெந்தை சிஞ்ஞோரா இப்போது தண்ணீர்த்தொட்டி பூசக் கொடுத்துவிட்டார். குட்டிகள் தாயோடு வெளியே வந்து கிழங்கு கிண்டுகின்றனவாம். எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொன்னால் நீங்கள் சிரிப்பீர்கள்.

ஊரில் பொட்டை அடைத்தால் உறவு முறிந்தது என்று அர்த்தம். இங்கே அதை அடைத்ததால்தான், பக்கத்து வீட்டுக்காரி பிள்ளைகளோடு குடியிருக்கிறாள்.