ஒளிமேகத்துக்கு ஒரே தகடு

சத்தியம் பண்ணக்கூடாது என்று வேதம் சொல்கிறது. அதனால் பண்ணவில்லை. நம்பாதவர்கள் நம்பாமல் போகட்டும். எனக்கு நடந்தது இது.

1912 ஜனவரி 19, அமாவாசை. பாளையங்கோட்டையில் அந்த வாடகை வீட்டுக்கு நாங்கள் வந்து இரண்டு மாதம். என் மனைவி கெசியாவுக்கு நிறைமாதம். இன்னும் பத்து நாள் ஆகும் என்று மருத்துவச்சி சொல்லியிருந்தாள். அந்தத் தைரியத்தில் புறவாசலில் தொலைநோக்கியை நிறுத்தினேன். வானத்தில் வரிசையாக நிற்கும் மூன்று நட்சத்திரங்களுக்குக் கீழே ஓர் ஒளிமேகம் உண்டு. அதைக் கண்ணாடித் தகட்டில் படமெடுக்க வேண்டும். வானம் நகர நகர, ஒரு நட்சத்திரத்தைக் கண்ணால் பிடித்துக்கொண்டு, கையால் தொலைநோக்கியின் திருகைச் சுற்றிக்கொண்டே இருக்க வேண்டும். ஒரு மணி நேரம். கண்ணை எடுத்தால் தகடு பாழ். இருந்ததோ ஒரே தகடு.

ஊர் ஜெயிலில் ஒன்பது மணி அடித்ததும் தகட்டின் மூடியைத் திறந்தேன்.

ஒன்பதரை இருக்கும். உள்ளேயிருந்து கெசியாவின் குரல்.

"இங்கன பாருங்க… இடுப்பு வலிக்கி. கொஞ்சம் வாங்க."

"பத்து நிமிசம் பொறு. இன்னா வந்துருதேன்."

கண்ணை எடுக்கவில்லை. என் புத்தியைச் செருப்பால் அடிக்க வேண்டும்.

முதுகுக்குப் பின்னால் யாரோ நடந்தார்கள். சளக்… சளக்… ஈரக்கால். புறவாசல் கதவு திறந்தது. மூடியது. உள்ளே தாழ்ப்பாள் விழுந்தது.

எழப் பார்த்தேன். முடியவில்லை. கண் குழாயோடு ஒட்டிக்கொண்டது. கை தானாகத் திருகைச் சுற்றியது. கத்தினேன். சத்தம் வரவில்லை.

உள்ளே கெசியா அலறினாள்.

பிறகு ஓர் ஆண் குரல்.

"இன்னா வந்துட்டேன்."

அது என் குரல்.

பத்து அடித்தது. பதினொன்று… கை நிற்கவில்லை.

பன்னிரண்டு…

குழந்தை அழுதது.

கை தானாகவே தகட்டின் மூடியைப் போட்டது. பிறகுதான் கண்ணும் கையும் விடுபட்டன.

ஓடினேன். கதவு திறந்தே கிடந்தது. கடிகாரத்தில் 12.20. பாயில் கெசியா. பக்கத்தில் பெண் குழந்தை.

"யாரு இருந்தா இங்கன?"

"என்ன கேக்கிய? நீங்கதான கையப் பிடிச்சிட்டே இருந்திய. கைதான் சில்லுன்னு இருந்துச்சு. இன்பமணின்னு பேரும் வச்சிய."

தகட்டை மருந்தில் கழுவினேன். ஒளிமேகம் அற்புதமாக விழுந்திருந்தது. எனக்கு அதைப் பார்க்கவே பிடிக்கவில்லை.

ஞானஸ்நானத்துக்குப் பேர் கொடுக்கப் போனேன். பேரைக் கேட்டதும் வயதான போதகர் பழைய அடக்கப் பதிவை எடுத்து விரித்தார். 1888. நாங்கள் இப்போது இருக்கும் அதே வீடு. பிரசவத்தில் இறந்த தாய் ஒருத்தி. அதே நாளில் அவள் பெற்ற குழந்தை, இன்பமணி. மூன்றாம் நாள், கிணற்றில் விழுந்த தகப்பன்.

வீட்டுக்கு வந்து கெசியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். வேறு பேர் வைப்போம் என்றேன். அவள் குழந்தையை மார்போடு இழுத்துக்கொண்டாள்.

"கூப்பிட்டதும் வந்தவரு வச்ச பேரு. அதுவே இருக்கட்டும்."