தெருவில் இல்லாத வீடு

வெண்ணிலாவின் வீட்டுக்குத் தெரு கிடையாது. நாமக்கல்லுக்குக் கிழக்கே ஒரு கோழிப்பண்ணையில், கடைசிக் கொட்டகைக்குப் பின்னால், தீவனக் கிடங்கை ஒட்டி மூன்று அறைகள் வரிசையாக இருக்கும். நடு அறை அவர்களுடையது. அப்பா தங்கசாமி அங்கே கோழிகளுக்குத் தீனி, தண்ணீர், மருந்து பார்ப்பவர். வாக்காளர் சீட்டு தர வருகிறவர்களும் சரி, கொசு மருந்து அடிக்க வருகிறவர்களும் சரி, தார்ச்சாலை முடிகிற இடத்திலேயே திரும்பிவிடுவார்கள். நாமெல்லாம் ஊர்க்கணக்கில் இல்லையா என்று அம்மா சித்ரா குறைபட்டுக்கொள்ளும்போது வெண்ணிலா பேசாமல் இருப்பாள். பேசாமல் இருப்பது அவள் சுபாவம்.

அப்படிப்பட்டவளைத்தான் பொருளாதார ஆசிரியர் செல்லமுத்து நாட்டு நலப்பணித் திட்ட முகாமுக்கு மாணவத் தலைவி ஆக்கினார். பதினோராம் வகுப்பில் வேறு ஆளே கிடைக்கவில்லையா என்று சித்தார்த் அவள் காதுபடவே கேட்டான். சத்தம் போட நீ இருக்கிறாய், வேலையை முடிக்க ஒருத்தி வேண்டுமே என்றார் ஆசிரியர்.

முகாம் காலாண்டு விடுமுறையில், எருமப்பட்டியைத் தாண்டி ஒரு சிற்றூரில். பள்ளி வராந்தாவில் படுக்கை, சமுதாயக் கூடத்தில் சாப்பாடு. மூன்றாம் நாள் வேலை குடிநீர்த் தொட்டி. ஊரில் வயிற்றுப்போக்கு பரவியிருந்ததால், தொட்டியைக் கழுவி வழக்கத்தைவிடக் கூடுதலாக ப்ளீச்சிங் பவுடர் போடுவதென்று ஊராட்சியில் முடிவு செய்திருந்தார்கள். மேலே ஏறிக் கழுவுவது டேங்க் ஆப்பரேட்டர் அங்கமுத்துவின் பொறுப்பு. கீழே பவுடரைக் கரைத்துக் கொடுப்பதும், இன்று குழாயில் வருவது மருந்துத் தண்ணீர், குடிக்கவோ சமைக்கவோ வேண்டாம் என்று வீடு வீடாகச் சொல்வதும் மாணவர்கள் பொறுப்பு. வெண்ணிலா தெருக்களைப் பிரித்து ஆட்களை அனுப்பினாள். எல்லாத் தெருவும் முடிந்தது என்று அவர்கள் வந்து நின்றபோது, தலைவி என்ற பெயர் தனக்குக் கொஞ்சம் பொருந்துவதுபோல் அவளுக்கு முதல்முறையாகத் தோன்றியது.

அந்த நேரத்தில்தான் மினி பஸ்ஸிலிருந்து நல்லம்மாள் என்ற பெண் இறங்கினார். நாற்பது வயது இருக்கும். இடுப்பில் குழந்தையைப்போல் ஒரு பிளாஸ்க்கை அணைத்துக்கொண்டிருந்தார்.

"அக்கா, டீ இருக்குதுங்களா?" என்றான் சித்தார்த்.

"இருக்குது. குடிச்சீன்னா நாளைக்கு விடியால நீதான் கூவோணும்."

எல்லோரும் சிரித்தார்கள். வெண்ணிலாவும் சிரித்தாள். நல்லம்மாள் வண்டிப்பாதையில் இறங்கி, சோளக்காட்டுக்கு நடுவே நடந்து மறைந்தார்.

வெண்ணிலா கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். எவ்வளவு தேய்த்தாலும் ப்ளீச்சிங் நெடி போகவில்லை. அப்பா நினைவுக்கு வந்தார். கோழிகளுக்கு வெள்ளைக்கழிச்சல் நோய்த் தடுப்பு மருந்து தருகிற நாளில் அவர் தண்ணீர்த் தொட்டிப் பக்கம் யாரையும் ப்ளீச்சிங்கோடு அண்டவிடமாட்டார். அந்த மருந்து உயிருள்ள மருந்து, ப்ளீச்சிங் பட்டால் செத்துவிடும் என்பார். அதை அவர் எதில் கொண்டுவருவார்? ஐஸ் போட்ட பிளாஸ்க்கில்.

அவள் கை அப்படியே நின்றது. சோளக்காட்டுக்குள் வீடு இருக்கிறது. அந்த வீட்டுக்குத் தெரு இல்லை. அவள் பிரித்த தெருக்கணக்கில் தோட்டத்து வீடு ஒன்றுகூட இல்லை. மற்றவர்கள் மறந்தால் மறக்கட்டும், அவள் எப்படி மறந்தாள்?

வண்டிப்பாதையில் ஓடினாள்.

கொட்டகையில் இருநூறு நாட்டுக்கோழிகள் அலகைத் திறந்துகொண்டு இளைத்துக்கொண்டிருந்தன. மருந்துத் தண்ணீரைச் சட்டென்று குடிக்கட்டும் என்று விடியலிலிருந்தே தண்ணீர் காட்டாமல் வைத்திருந்தார்கள். ஊராட்சிக் குழாயடியில் ஒரு அண்டா நிறையத் தண்ணீர். அதன் முன்னால் குந்தியிருந்த நல்லம்மாளின் விரல்களுக்கிடையே மருந்துக் குப்பி இருந்தது.

"அக்கா, மருந்த ஒடைச்சுப்போட்டீங்களா?"

"இனித்தான். ஏஞ்சாமி இப்படி எளைக்க ஓடியாறே?"

தொட்டியில் ப்ளீச்சிங் போட்டதை வெண்ணிலா சொன்னாள். நல்லம்மாள் குனிந்து அண்டாவை முகர்ந்து பார்த்தார். வந்ததிலிருந்தே நெடி அடித்ததாம். காலையில் கொட்டகையைக் கழுவிவிட்ட ப்ளீச்சிங் என்று நினைத்தாராம். குப்பியை மெதுவாகப் பிளாஸ்க்குக்குள் திரும்ப வைத்தார்.

"போன சித்திரையில வெள்ளைக்கழிச்சல்ல ஒண்ணுகூட மிஞ்சலை. கொட்டாய்க்குப் பொறத்தாலதான் குழி. இன்னொருக்கா அந்தக் குழியத் தோண்ட என்னால ஆகாது கண்ணு."

மருந்தை நாளைக்குத் தள்ளலாம் என்றால் பிளாஸ்க்கில் ஐஸ் பாதி கரைந்துவிட்டது, அந்த ஊரில் ஐஸ் கிடைக்காது. இந்த வெயிலில் கோழிகளை இன்னும் தாகத்தில் காயப்போடவும் முடியாது. பக்கத்துத் தோட்டத்துக் கிணற்றில் நல்ல தண்ணீர் இருந்தது. ஆனால் மோட்டார் ஓடும் கரண்ட் மாலையில்தான் வரும்.

வெண்ணிலா நல்லம்மாளின் போனை வாங்கி ஆசிரியரை அழைத்தாள். தவறு தன்னுடையது என்பதை முதலில் சொன்னாள். பிறகு எத்தனை குடம் கிடைக்குமோ அத்தனையோடும் எல்லோரையும் அனுப்பச் சொன்னாள். தன் குரல் இவ்வளவு கனமாக வரும் என்று அவளுக்கே தெரியாது. ஆசிரியர் சரி என்றார்.

சமையலறைக் குண்டான் முதற்கொண்டு தூக்கிக்கொண்டு வந்தார்கள். கிணற்றுக்குக் கல்படி இருந்தது. நீச்சல் தெரிந்த அங்கமுத்து அடியில் நின்று மொண்டுகொடுத்தார். படிக்கு ஒருவராய் நின்று குடங்களைக் கைமாற்றினார்கள். மேல்படியில் நின்ற சித்தார்த், தண்ணீர் தலையில் வழிய, தலைவி வாயைத் திறந்தால் இதுதான் நடக்கும் போலிருக்கிறது, பேசாமல் இருந்தபோதே நன்றாக இருந்தது என்று புலம்பினான். புலம்பினாலும் கை நிற்கவில்லை.

அண்டாவைக் கழுவிக் கவிழ்த்து, கிணற்றுத் தண்ணீரால் நிரப்பினார்கள். நல்லம்மாள் குப்பியைத் தண்ணீருக்குள் அமிழ்த்தித் திறந்து கலக்கினார். கோழி குடிக்கும் தண்ணீர்த் தட்டுகளை நிரப்பி உள்ளே வைத்ததுதான் தாமதம், இருநூறு கோழியும் மொய்த்துக்கொண்டன. அலகை முக்குவதும் கழுத்தைத் தூக்கி விழுங்குவதுமாகக் கொட்டகை முழுக்க ஒரே அசைவு. வெண்ணிலா சுவரோரம் உட்கார்ந்தாள். கடைசிக் கோழியும் குடித்துவிட்டு ஒதுங்குகிற வரை எழுந்திருக்கவில்லை.

அன்று சாயங்காலம் அவளும் சித்தார்த்தும் வண்டிப்பாதைகளில் இறங்கி, எஞ்சியிருந்த தோட்டத்து வீடுகளுக்கெல்லாம் போனார்கள். ஒரு வீட்டில், இத்தனை வருசத்தில் ஊராட்சி சேதி எங்க ஊட்டுக்கு வந்தது இதுதான் முதல் தடவை என்று சொல்லி மோர் கொடுத்தார்கள். வெண்ணிலா இரண்டாவது டம்ளரும் வாங்கிக் குடித்தாள்.

ஐப்பசி மழைக்குப் பிறகு அந்தப் பக்கத்தில் மறுபடியும் வெள்ளைக்கழிச்சல் என்று அப்பா பண்ணையில் கேள்விப்பட்டு வந்து சொன்னார். அன்று அவளுக்குச் சோறு இறங்கவில்லை. நல்லம்மாளுக்குப் போன் போடக் கை வரவில்லை. மூன்றாம் நாள் அவரே அழைத்தார்.

"பக்கத்துக் காட்டுல பாதி போயிருச்சு சாமி. நம்முளுது அத்தனையும் நல்லாத் தீனி எடுக்குது. இதோ கேளு."

போனைக் கொட்டகைக்குள் நீட்டியிருப்பார் போலிருக்கிறது. பின்னால் பண்ணைக் கோழிகள், காதில் நல்லம்மாளின் கோழிகள். வெண்ணிலா வெகுநேரம் கேட்டுக்கொண்டிருந்தாள். அம்மா வந்து, போனில் யார், ஒன்றுமே பேசாமல் நிற்கிறாயே என்று கேட்டார். வெண்ணிலா போனை அம்மாவின் காதில் வைத்துவிட்டு, சோறு போட்டுக்கொள்ளப் போனாள்.