மூணாவது தரம் அவள் கூப்பிடவில்லை

எனக்கு எழுபத்து மூணு வயசு. வயிற்றில் சுமந்தது ஐந்து. செத்துப்போன தங்கச்சியின் பிள்ளைகள் இரண்டையும் சேர்த்து, வளர்த்தது ஏழு. அந்த ஏழில் ஒன்றுகூட 'பயமா இருக்கு' என்று என் முந்தானையைப் பிடித்ததில்லை. நான் பிடிக்க விட்டதில்லை. இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டு திரிந்தவள் நான். மைசூரில் எங்கள் தெருவில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள்.

சொல்லும்படியாகத்தான் இருந்தேன். மார்டள்ளி கிராமத்திலிருந்து மைசூருக்குக் கட்டட வேலைக்கு வந்தவர்கள் நாங்கள். வீட்டுக்காரர் கொத்தனார், நான் சித்தாள். கட்டி முடியாத வீட்டில்தான் எங்கள் குடித்தனம். கதவு இருக்காது, ஜன்னல் இருக்காது. சிமெண்ட் மூட்டைக்குக் காவலும் நாங்களேதான். அவர் போன பிறகு நான் ஒருத்தியாகவே காவல் இருந்தேன். ஒரு கட்டடத்தில் சாரத்திலிருந்து விழுந்து ஓர் ஆள் செத்துவிட்டான். பொழுது சாய்ந்தால் மேஸ்திரிகூட அந்தப் பக்கம் வரமாட்டார். நான் அங்கேயேதான் சோறாக்கித் தின்றேன். "பேய் இருந்தா வரட்டும், மண்ணு சொமக்க ஆளு கொறச்சலாத்தான் இருக்குது" என்பேன். எல்லாரும் சிரிப்பார்கள்.

எங்கள் அம்மா பயந்தவள். அவளுக்கு ஒரு சட்டம் உண்டு. ஆள் கண்ணில் படாமல் குரல் மட்டும் வந்தால் உடனே பதில் சொல்லக் கூடாது. மூணாவது தரம் கூப்பிட்ட பிறகுதான் 'ஏன்' என்று கேட்க வேண்டும். "அது ரெண்டு தரத்துக்கு மேல கூப்பிடாது" என்பாள். அது என்றால் எது என்று அவள் சொன்னதில்லை. நான் அதைக் காதில் போட்டுக்கொண்டதும் இல்லை. சித்தாள் வேலையில் மூணாவது தரம்வரை காத்திருந்தால், 'நாளைக்கு வராதே' என்று மேஸ்திரி அனுப்பிவிடுவார்.

இப்போது கடைசி மகனோடு இருக்கிறேன். அவன் எலக்ட்ரீஷியன். மருமகள் மேட்டூர்ப் பக்கத்துப் பெண், கார்மெண்ட்ஸில் தையல். ஒரு பேத்தி, காலேஜ் போகிறாள். வாய் திறந்தால் கன்னடம்தான் முதலில் வரும். ஆனால் அவள் அம்மா தமிழ் எழுத்தை உட்கார்த்தி வைத்துச் சொல்லிக்கொடுத்திருக்கிறாள்.

இந்த வருஷம் மழை விட்ட சமயம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, மாலுக்குப் போய்ப் பேய்ப்படம் பார்க்கலாம் என்று பேத்திதான் ஆரம்பித்தாள்.

"காசு குடுத்துப் பயப்படப் போறீங்களா? என் மூஞ்சியப் பாருங்க, சும்மாவே பயப்படலாம்" என்றேன்.

"உனக்குத்தான் பயமே இல்லியே அப்பத்தா, வந்து உக்காரு பாக்கலாம்" என்றாள். போனேன்.

பேய் வந்தது. முடியை விரித்துக்கொண்டு சுவரில் பல்லி மாதிரி ஏறியது. எனக்குச் சிரிப்பு அடங்கவில்லை. "இம்புட்டு முடிய விரிச்சுப்போட்டுட்டு ஏறுறாளே, ஆணியில மாட்டாதா?" என்று சத்தமாகவே கேட்டேன். முன் வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மகன் துள்ளியதில் பாப்கார்ன் பாதி கீழே போயிற்று. மருமகள் முந்தானையால் முகத்தை மூடிக்கொண்டாள். "உள்ள என்ன, பூனைக்குட்டி வச்சிருக்கிறியா?" என்றேன். அவள் மூடிக்கொண்டே, "சும்மா இருங்க அத்தே" என்றாள்.

அப்புறம் ஒரு காட்சி வந்தது. அதில் பேயே இல்லை. நல்ல பகல். ஒரு பொம்பளை அடுப்படியில் உட்கார்ந்து காய் நறுக்குகிறாள். சற்று முன்னால்தான் மகளைக் காலேஜுக்கு அனுப்பிவிட்டு வாசலில் நின்று கையாட்டினாள். உள் அறையிலிருந்து "அம்மா" என்று மகளின் குரல் வருகிறது. "என்னடி, எதையாச்சும் மறந்துட்டுப் போயிட்டியா?" என்று கேட்டபடி எழுந்து உள்ளே போகிறாள். நாம் அடுப்படியிலேயே இருக்கிறோம். குழாய் சொட்டுகிறது. பாதி நறுக்கிய காய் கிடக்கிறது. அவ்வளவுதான். போனவள் திரும்பி வரவில்லை. என்ன ஆனாள் என்று காட்டவும் இல்லை.

என் முதுகெல்லாம் சில்லிட்டுப்போனது. ஏசி என்று நினைத்துக்கொண்டேன். அம்மாவின் சட்டம், இத்தனை வருஷம் எங்கே கிடந்ததோ, எழுந்து வந்து பக்கத்து சீட்டில் உட்கார்ந்துகொண்டது.

பெரியவர்கள் பேய்ப்படம் பார்த்துப் பயப்படுவார்களா என்று வரும்போது ஆட்டோவில் பேச்சு வந்தது. "முடியையும் பல்லையும் காட்டினா பச்சப் புள்ளதான் பயப்படும்" என்றேன். அதுவரைக்கும் சரிதான். மீதியைச் சொல்லவில்லை. வயசானவளுக்கு முடியும் பல்லும் எதற்கு? அவள் வீட்டு அடுப்படி மாதிரியே ஒரு அடுப்படியும், அவள் வீட்டுக் குரல் மாதிரியே ஒரு குரலும் போதும். அந்தப் படத்தை எடுத்தவனுக்கு அது தெரிந்திருந்தது.

குழந்தை பயந்தால் அழும். பெரியவர்கள் பயந்தால் வாய்தான் அதிகமாகும். எனக்கு அதிகமாயிற்று. படம் பார்த்த மறுநாள் சாயங்காலம், பின்பக்கத் தண்ணீர்த் தொட்டிக்குத் தனியாகப் போக மருமகள் தயங்கினாள். மகளைத் துணைக்குக் கூப்பிட்டாள். மாடிவீட்டு ஓனரம்மாவும் எதிர்வீட்டுக்காரியும் நின்றிருந்தார்கள். அவர்கள் காதில் விழும்படி, "என் மருமகளுக்குக் கால் கழுவப் போகவும் காவல் வேணுமாம்!" என்றேன். எல்லாரும் சிரித்தார்கள். அவள் முகம் சிவந்து உள்ளே போனாள். ஆனால் அன்றைக்குக் காலையிலேயே நான் வாசல் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட ஆரம்பித்திருந்தேன். பட்டப்பகலில் கதவைச் சாத்துகிறவர்களைப் பார்த்து, கோழியா அடைகாக்கிறீர்கள் என்று கேட்டவள் நான்.

அது நடந்ததும் பகலில்தான். மகன் வேலைக்கு, பேத்தி காலேஜுக்கு. மருமகளை நானே வாசலில் நின்று அனுப்பினேன். தாழ்ப்பாள் போட்டேன். கொஞ்ச நேரம் படுத்து எழுந்து, அடுப்படியில் அருவாமனையை வைத்துக்கொண்டு முள்ளங்கி அரிந்துகொண்டிருந்தேன்.

"அத்தே!"

அவள் குரல். பின்பக்கத்திலிருந்து வந்தது. வேலைக்குப் போனவளின் குரல்.

வாய் வரைக்கும் 'ஏன்' வந்தது. விழுங்கிக்கொண்டேன். கையில் முள்ளங்கி அப்படியே நின்றது. எங்கள் வீட்டுக் குழாயும் சொட்டிக்கொண்டிருந்தது. எத்தனை நாளாகவோ சொட்டுகிறது, மகனைத்தான் வாஷர் மாற்றச் சொல்லியிருந்தேன். அன்றைக்குத்தான் அந்தச் சத்தம் எனக்குக் கேட்டது.

"அத்தே..." இரண்டாவது தரம். முதல் தரத்தைவிட மெதுவாக.

மூணாவதுக்குக் காத்திருந்தேன். வந்தால் எழுந்துவிடலாம் என்று சத்தியமாக நினைத்தேன். வரவில்லை. ஒரு சொம்பு உருண்ட சத்தம் வந்தது. அதற்கப்புறம் ஒன்றுமில்லை. வராததால் எனக்கு உறுதியாகிவிட்டது, இது அதுதான் என்று. இரும்பு இருந்தால் அண்டாது என்பார்கள். அருவாமனையை இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டு, பின்கதவையே பார்த்தபடி, முருகா முருகா என்று உட்கார்ந்திருந்தேன். நான், கட்டி முடியாத வீடுகளில் தனியாகப் படுத்து எழுந்தவள்.

மாடியில் துணி காயப்போட வந்த ஓனரம்மா கீழே பார்த்துவிட்டு ஓடிவந்தாள். பின்கதவைத் தள்ளிக்கொண்டு அவள் அடுப்படிக்குள் வந்தபோது நான் அப்படியேதான் உட்கார்ந்திருந்தேன்.

"நிம்ம சொசே பித்திதாளே! கேளிஸ்லில்வா நிமகே?"

மருமகள் விழுந்து கிடக்கிறாளே, கேட்கவில்லையா என்று கேட்டாள். கேட்டது என்று சொல்ல ஒரு நொடி இருந்தது.

"இல்லம்மா, காது சரியாக் கேக்கறதில்ல" என்றேன்.

ஃபேக்டரியில் கரண்ட் கோளாறு, பாதியிலேயே அனுப்பிவிட்டார்கள். வாசல் உள்ளே தாழ் போட்டிருந்தது. அத்தை தூங்குகிறாள், எழுப்ப வேண்டாம் என்று சந்து வழியாகப் பின்பக்கம் வந்து, தொட்டியடியில் கால் கழுவியிருக்கிறாள். காலையில் துணி துவைத்த சோப்புத்தண்ணீர் வழுக்கிவிட்டது. வலது மணிக்கட்டு எலும்பு முறிந்துவிட்டது, நெற்றியில் தையலும் போட்டார்கள். நான் தாழ்ப்பாள் போடாமல் இருந்திருந்தால் அவள் முன்வாசல் வழியாகவே வந்திருப்பாள். அதுவும் என் கணக்கில்தான் சேரும்.

அன்றிலிருந்து எனக்குக் காது கேட்காது. வீட்டில் எல்லாரும் கத்துகிறார்கள். "அம்மா, சோறு போடட்டுமா?" என்று மகன் தெருவுக்கே கேட்கிற மாதிரி கேட்கிறான். எதிர்வீட்டுக்காரி கையால் ஜாடை காட்டுகிறாள். எல்லாவற்றையும்விடச் சுட்டது இதுதான்: கையைக் கழுத்தில் தொட்டிலாகக் கட்டிக்கொண்டு மருமகள், "அத்தைய ஒண்ணும் சொல்லாதீங்க. வயசாச்சு, அவங்க என்ன பண்ணுவாங்க" என்று என் முன்னாலேயே சாதாரணக் குரலில் சொல்வாள், எனக்குக் கேட்காது என்று நினைத்து. அந்த ஒவ்வொரு வார்த்தையும் எனக்குக் கேட்டது. செவிடி என்ற பெயரை வாங்கிக்கொள்ள மனசு ஒத்துக்கொண்டது. பயந்தவள் என்ற பெயருக்கு ஒத்துக்கொள்ளவில்லை. என் கௌரவம் அப்படிப்பட்டது.

மகன் காது டாக்டரிடம் கூட்டிப்போனான். ஒரு சின்ன ரூமுக்குள் உட்காரவைத்து, காதில் எதையோ மாட்டிவிட்டு, சத்தம் கேட்டால் கையைத் தூக்குங்கள் என்றது ஒரு பெண். உள்ளே முதலில் சில்வண்டு மாதிரி வந்தது. அப்புறம் தூரத்தில் குக்கர் விசில் மாதிரி. எல்லாம் கேட்டது. கையை மடியில் வைத்து அழுத்திக்கொண்டேன். கண்ணாடிக்கு வெளியே மகன் என் கையையே பார்த்துக்கொண்டு நின்றான். சின்ன வயசில் அவன் பரீட்சைப் பேப்பரை நான் அப்படித்தான் பார்ப்பேன், கன்னட எழுத்துப் படிக்கத் தெரியாமல். சத்தம் பெரிதானபோது, போனால் போகிறதென்று இரண்டு மூன்று தரம் கையைத் தூக்கினேன். அந்தப் பெண் குழம்பிப்போய், இன்னொரு நாள் வாருங்கள், மறுபடி பார்த்துவிட்டுக் காது மெஷின் எழுதித் தருகிறோம் என்றது. ஆட்டோவில் மகன் என் தோளில் கையைப் போட்டுக்கொண்டு வந்தான். அந்தக் கை எனக்குப் பெரிய பாரமாக இருந்தது.

முந்தாநாள் மத்தியானம் நானும் மருமகளும் ஊறவைத்த அவரைக்கொட்டையைத் தோல் போகப் பிதுக்கிக்கொண்டிருந்தோம். இங்கே சீசன், தெருவெல்லாம் அந்த வாசம்தான். அவள் இடக்கையால் ஒவ்வொன்றாகப் பிதுக்கினாள். ஏதோ நினைப்பில், தலை தூக்காமல், முணுமுணுப்பாக, "அத்தே, அந்தக் கிண்ணத்த இப்படித் தள்ளுங்க" என்றாள். சொன்ன பிறகுதான் நான் செவிடி என்று ஞாபகம் வந்து, கத்துவதற்காக நிமிர்ந்தாள். கிண்ணம் அதற்குள் அவள் முன்னால் இருந்தது.

கிண்ணத்தைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள்.

"கேட்டுச்சுங்களா?"

"கேட்டுச்சு."

"அன்னைக்கு?"

சில்வண்டு, குக்கர் விசில் எல்லாவற்றுக்கும் மடியில் கிடந்த கை, இப்போதும் மடியில்தான் கிடந்தது. "அன்னைக்கும்" என்றேன்.

படத்தைச் சொன்னேன். அடுப்படிக் காட்சியை, எங்கள் அம்மாவின் சட்டத்தை, தாழ்ப்பாளை, அருவாமனையை. அவள் பிதுக்குவதை நிறுத்தவில்லை.

"என்னையப் பேயின்னா நெனச்சீங்க?"

"நீதான் வேலைக்குப் போயிட்டியே சாமி. அது நீ இல்லன்னு நெனச்சேன்."

"நான் ஊர்ந்துக்கிட்டு உள்ள வந்திருந்தா வெட்டியிருப்பீங்களா?"

ஒரு பருப்பு அவள் விரலிலிருந்து தெறித்துச் சுவரில் பட்டது.

"கால் கழுவக் காவல் வேணுமான்னு தெருவுல சிரிச்சீங்களே அத்தே" என்றாள். கிண்ணத்தில் இன்னொரு பருப்பைப் போட்டுவிட்டு, "ரெண்டு தரம்தான் கூப்பிட முடிஞ்சுது. மூணாவதுக்கு மூச்சு வரல" என்றாள். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

எழுந்து போகும்போது சொன்னாள்: "இன்னும் மூணு நாள்ல மறுபடி டெஸ்ட்டு. அவருகிட்ட நானாச் சொல்ல மாட்டேன். சொல்றதுன்னா நீங்கதான் சொல்லணும். மெஷின மாத்திரம் வாங்க விடமாட்டேன்."

டெஸ்ட்டு நாளைக்கு. மகனுக்கு நேராக நின்று சொல்ல நேற்றும் பார்த்தேன், இன்று காலையிலும் பார்த்தேன். "என்னம்மா?" என்று அவன் கத்துகிறான். அந்தக் கத்தலுக்குப் பதிலாக மெதுவாக ஒன்றைச் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அதனால்தான் பேத்தியைக் கூப்பிட்டு, நான் சொல்லச் சொல்ல எழுதச் சொன்னேன். எனக்குத் தமிழே எழுத்துக் கூட்டித்தான் வரும். இவள் எழுதிக்கொண்டே இரண்டு தரம் சிரித்தாள், ஒரு தரம் எழுதாமல் என்னையே பார்த்தாள். இவள் அம்மா விழுந்ததை நான் சொன்ன இடம் அது.

இப்போது அவன் வேலையிலிருந்து வந்து கூடத்தில் காப்பி குடித்துக்கொண்டிருக்கிறான். மருமகள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். கதவைத் திற கண்ணு. முதலிலிருந்து படி. என் காதுகிட்ட வந்து படிக்க வேண்டாம், எனக்கு நல்லாத்தான் கேட்கும். அங்கே உங்கப்பனுக்குக் கேட்கிற மாதிரி, சத்தமா படி.