அவள் தூற்றிய மண்

ஒரு பூசணிக் கொடிக்காகச் சண்டை போட்டேன் என்று சொன்னால் சிரிப்பீர்கள். நன்றாகச் சிரியுங்கள். கொடி வைத்து, வாய்க்காலிலிருந்து தண்ணீர் சுமந்து, பூச்சி அரிக்காமல் சாம்பல் தூவி, பிஞ்சு திரண்டு வருகிற நேரத்தில் பக்கத்து வீட்டுக் கன்றுக்குட்டி வந்து வேரோடு இழுத்துத் தின்றால் அந்தச் சிரிப்பு எங்கே போகும் என்று பார்க்கிறேன்.

விக்கிரமசிங்கபுரத்துக்கு மேற்கே, மலை இறங்கி வந்து தரையைத் தொடுகிற இடத்தில் ஒரு சின்ன ஊர் எங்களுடையது. ஜெர்மன்காரன் சண்டை தொடங்குவதற்கு முந்தின வருஷங்கள் அவை. என் வீட்டுக்காரர் நூல் ஆலையில் வேலை பார்த்தார். விடியுமுன் சங்கு ஊதினால் போவார், விளக்கு வைக்கிற நேரத்துக்கு வருவார். நாள் முழுக்க இரைச்சலுக்குள் நிற்கிற மனுஷர், வீட்டில் வாயைத் திறக்கவே மாட்டார். அந்தக் குறையை நான் நிவர்த்தி செய்தேன்.

மலையை ஒட்டி, ஊரின் கடைசி இரண்டு வீடுகள் எங்களுடையதும் அவளுடையதும்தான். நடுவில் ஒரு முள்வேலி. அவள் என்னைவிட இளையவள். புருஷன் வாந்திபேதியில் போய்விட்டான். ஒரு பெண் குழந்தை, ஒரு பசு, அதன் கன்று, இவ்வளவுதான் அவளுக்கு. பாலைக் கறந்து ஊரில் ஊற்றிப் பிழைத்தாள். என்னை அண்ணி முறை வைத்து மைனி என்று கூப்பிடுவாள். உறவு ஒன்றும் கிடையாது, வேலியடி உறவுதான். வாய்ச் சண்டையில் எனக்கு ஈடு கொடுக்க அந்த ஊரில் அவளை விட்டால் ஆள் இல்லை.

அந்த ஐப்பசியில் அடைமழை. ஒரு சாயங்காலம் மழை கொஞ்சம் விட்டபோது வெளியே வந்து பார்க்கிறேன், என் கொடியில் பாதியைக் காணோம். கன்றுக்குட்டி வாயில் இலையோடு நிற்கிறது. ஒரு கல்லை எடுத்து எறிந்தேன். பட்டதோ படவில்லையோ, அது கத்திய கத்தலில் அவள் ஓடி வந்தாள்.

"கன்னுக்குட்டியக் கட்டிப் போடத் துப்பில்லாதவளுக்கு மாடு என்னத்துக்குட்டி?" என்றேன்.

அவளுக்கு வந்ததே கோபம். கொண்டையை அவிழ்த்துவிட்டாள். குனிந்து இரண்டு கையாலும் மண்ணை வாரினாள். "வாயில்லாச் சீவனக் கல்லக் கொண்டு எறிஞ்சியே, நீ நல்லா இருப்பியா? ஒன் வீடு மண்மேடாப் போவும், பாத்துக்கோ!" என்று என் வாசலைப் பார்த்துத் தூற்றினாள். மழையில் ஊறிய மண். பறக்கவில்லை, நிலைப்படியில் சொத்தென்று விழுந்தது.

"ஈர மண்ணு பறக்காதுட்டி! காய வச்சு எடுத்துட்டு வா!" என்றேன் நான்.

சத்தம் கேட்டு வந்த பெண்கள் நாலைந்து பேர் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்கள். மண்ணை வாரித் தூற்றுவதென்றால் எங்கள் பக்கம் விளையாட்டுக் காரியம் இல்லை. அதற்கு மேல் ஒரு சாபம் கிடையாது. எனக்கோ கொடி போன ஆத்திரம்தான் பெரிதாக இருந்தது.

மறுநாள் காலையில் உலை வைத்துவிட்டுக் கொல்லைக்குப் போனேன். அதே கன்றுக்குட்டி, மிச்சப் பாதியைத் தின்றுகொண்டிருந்தது! என் உடம்பெல்லாம் தீப்பிடித்தது. அரிசி களைந்து வைத்ததைக்கூட மறந்தேன். திண்ணையில் தவழ்ந்துகொண்டிருந்த என் மகனை இடுப்பில் தூக்கினேன், கன்றின் கழுத்துக் கயிற்றைப் பிடித்தேன், தூறலில் இறங்கி நடந்தேன். ஊருக்குக் கீழே, வாய்க்கால் பக்கத்தில், மேய விட்ட மாடுகளைப் பிடித்து அடைக்கிற பவுண்டு இருந்தது. அங்கே கொண்டு அடைத்தால்தான் அவளுக்குப் புத்தி வரும் என்று வழி முழுக்க உரக்கச் சொல்லிக்கொண்டே போனேன். கேட்க ஆள் இல்லாவிட்டால் என்ன, கன்றுக்குட்டி கேட்டது.

பாதி வழியில் அது நின்றுவிட்டது. இழுத்தேன், அசையவில்லை. பிறகு என் காலுக்கடியில் தரை நடுங்கியது. வண்டி வண்டியாகக் கல்லைக் கொண்டுவந்து ஒரே நேரத்தில் கொட்டின மாதிரி ஒரு சத்தம், முடியாமல் வந்துகொண்டே இருந்தது. திரும்பிப் பார்த்தேன். ஊருக்கு மேலே பச்சையாக இருந்த சரிவு சிவப்பாகத் தெரிந்தது. அந்தச் சிவப்பு கீழே இறங்கிக்கொண்டிருந்தது. அது நின்றபோது என் வீட்டுக் கூரை இருந்த இடத்தில் கூரை இல்லை.

எப்படித் திரும்பி ஓடினேன் என்று தெரியாது. மகனையும் விடவில்லை, கயிற்றையும் விடவில்லை. போய்ப் பார்த்தால் ஒரு வீடு உயரத்துக்கு மண்ணும் கல்லும் முறிந்த மரமும். அதன் உச்சியில் அவள் முழங்காலிட்டு உட்கார்ந்து இரண்டு கையாலும் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தாள். மம்பட்டி எடுக்கக்கூடத் தோன்றவில்லை அவளுக்கு. "மைனீ! மைனீ! ஏதாவது சொல்லுங்க மைனீ!" என்று மண்ணுக்குள் பார்த்துக் கத்தினாள். விரல் நுனியெல்லாம் ரத்தம். அவள் மகள் வேலியைப் பிடித்துக்கொண்டு அலறினாள்.

நான் அவளுக்குப் பின்னால் நின்றேன். தொண்டையிலிருந்து எனக்குக் குரல் வரவில்லை. என் வாழ்க்கையில் அப்படி ஆனது அந்த ஒரு தடவைதான்.

கன்று கத்தியது. அவள் திரும்பினாள். என்னைப் பார்த்ததும் அவள் முகத்தில் வந்தது சந்தோஷம் இல்லை, பயம். பேய் என்றே நினைத்துவிட்டாள்.

"ஏட்டி, ஒன் கன்னுக்குட்டியப் பிடி. பவுண்டுல அடைக்கப் போனேன்" என்றேன்.

அவள் அப்படியே மண்ணில் சாய்ந்துவிட்டாள்.

எனக்கு அழுகை சாயங்காலம்தான் வந்தது. ஆலையிலிருந்து ஓடி வந்த வீட்டுக்காரர் மகனை வாங்கி நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, மறு கையால் என் தலையைத் தடவினார். அவ்வளவுதான், ஊரே கேட்கும்படி ஓவென்று அழுதேன். அழுது முடித்ததும் பசித்தது. யாரோ கொடுத்த சோற்றைச் சாவடியில் உட்கார்ந்து தின்றோம். உயிர் இருக்கிறது, கை கால் இருக்கிறது, அவருக்கு வேலை இருக்கிறது. மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளலாம் என்று அன்றைக்கே எனக்குத் தைரியம் வந்துவிட்டது.

மழை ஓய்ந்த பிறகு தோண்டினோம். அம்மி கிடைத்தது. பித்தளைக் குடம் நசுங்கிக் கிடைத்தது. அடைக்கு உட்கார்ந்திருந்த கோழி கிடைக்கவில்லை, அதை நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது. வீட்டுக்காரர் ஒரு நாள் முழுக்க அந்த மேட்டின் மேல் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இடிந்துபோய்விட்டாரோ என்று பயந்தேன். பொழுது சாய எழுந்து வந்து சொன்னார்: "சுவரு வைக்க மண்ணு தேடிப் போவ வேண்டாம். வாசலுக்கே வந்துட்டுல்லா. இதுலயே கட்டிருவோம்." தோட்டத்தின் கீழ்க்கோடியில், மலையை விட்டு நன்றாகத் தள்ளி, இடம் பார்த்தோம்.

எங்கள் பாடு இப்படித் தேறிக்கொண்டிருந்தபோது அவள் பாடு தலைகீழாகப் போனது. சரிந்து வந்த மண் என் வீட்டை மூடி, சரியாக அவள் வேலியில் வந்து நின்றுவிட்டது. அவள் வீட்டில் ஒரு ஓலைகூட அசையவில்லை. பார்த்தவர்கள் சும்மா இருப்பார்களா? மண்மேடாப் போவும் என்றாள், மறுநாளே போயிற்று. அவள் கைக்கு அவ்வளவு வேகம் என்று ஊரெல்லாம் பேச்சு. அவள் தெருவில் வந்தால் குழந்தைகளை உள்ளே இழுத்துக்கொண்டார்கள். அவள் கறந்த பாலை ஒருவரும் வாங்கவில்லை. இதில் கூத்து என்னவென்றால், ஒருத்தி இருட்டின பிறகு ஒளிந்து ஒளிந்து அவள் வீட்டுக்குப் போய், தன் கொழுந்தன் வீட்டைப் பார்த்து ஒரு பிடி மண் தூற்ற முடியுமா என்று கேட்டிருக்கிறாள்!

மற்றவர்கள் நம்பியது எனக்குப் பெரிதில்லை. அவளே நம்பினாள். என்னைக் கண்டால் தலையைக் குனிந்துகொண்டு உள்ளே போய்விடுவாள். ஒரு நாள் செம்பை எடுத்துக்கொண்டு நேராக அவள் வீட்டுக்குள் நுழைந்தேன்.

"பிள்ளைக்குப் பாலு ஊத்து."

"வேண்டாம் மைனி. என் கை ஆவாத கை."

"கூறுகெட்டவளே! ஒன் கையில அம்புட்டுச் சத்து இருந்தா நீ என்னத்துக்குட்டி பாலு வித்துப் பிழைக்க? வெள்ளைக்காரன் பங்களாவப் பாத்து ஒரு பிடி தூத்துனா ராச்சியத்தையே எழுதித் தருவானே!"

அவள் சிரிக்கவில்லை. செம்பையும் வாங்கவில்லை. திட்டினால் திருப்பித் திட்டுகிறவள், பேசாமல் நின்றாள். நாங்கள் தங்கியிருந்த சாவடிக்குத் திரும்பி வரும்போது எனக்கு ஆத்திரம் ஆத்திரமாக வந்தது.

தை பிறந்ததும் ஒரு கங்காணி வந்தான். கண்டிச் சீமைத் தேயிலைத் தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிறவன். அவளும் மகளும் போகிறார்கள், பசுவை விற்றாயிற்று, கன்றையும் ஓட்டிக்கொண்டு போக ஆள் வரும் என்று கேள்விப்பட்டேன். எங்கள் பக்கத்திலிருந்து அங்கே போனவர்களில் திரும்பி வந்தவர்கள் கொஞ்சம் பேர்தான். எனக்கு அவள் வேண்டும். சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கு அவள் வேண்டும். அதோடு, அவள் போய்விட்டால் மலையிலிருந்து விழுந்த மண் என்றென்றைக்கும் அவள் தூற்றிய மண் ஆகிவிடும்.

அவள் புறப்படுகிற அன்றுதான் எங்களுக்கும் சுவர் வைக்க நாள் குறித்திருந்தது. மண்ணைக் குழைத்து, வைக்கோல் நறுக்கிப் போட்டு மிதித்து, உருண்டை உருட்டித் தயாராக இருந்தது. ஊர்ப் பெரியவர் வந்திருந்தார். கைகொடுக்கத் தெரிந்தவர்கள் எல்லாரும் வந்திருந்தார்கள். முதல் உருண்டையை வீட்டுக்காரிதான் வைக்க வேண்டும். என்னைக் கூப்பிட்டார்கள். அந்த நேரத்தில் மூட்டையைத் தலையில் வைத்து, மகளைக் கையில் பிடித்து, அவள் வேலியைத் தாண்டிப் போனாள். ஊருக்குப் பாதை பிரிகிற சாலை விலக்கில் கங்காணியின் வண்டி நின்றது.

நான் ஓடிப் போய் அவள் கையைப் பிடித்தேன். உதறப் பார்த்தாள். என் பிடியா விடும்? கூட்டத்துக்கு நடுவில் கொண்டுவந்து நிறுத்தினேன்.

"மொதல் மண்ண இவ வைக்கட்டும்."

கூட்டம் கலைந்து பின்னால் போனது. பெரியவர் எழுந்துவிட்டார். "என்ன தாயி பேசுத? தாலியறுத்தவ, அதுலயும் மண்ணு தூத்துனவ. அவ கையாலயா புது வீடு?"

"அண்ணாச்சி, இவ தூத்துனதாலதான் மலை வந்துன்னு சொல்லுதீய. சரி, வச்சுக்கிடுவோம். அப்பம் இவ கன்னுக்குட்டி என் கொடியத் தின்னதாலதான் நானும் எம்பிள்ளையும் உசிரோட நிக்கோம். உலை வச்சுட்டு அடுப்புக்கு முன்னால இருக்க வேண்டியவ நான். அதையும் சேத்துச் சொல்லுங்க. ஒண்ண எடுத்துக்கிட்டு ஒண்ண விட்டுட்டா அது என்ன நியாயம்?" அவள் கையைப் பிரித்துத் தூக்கிக் காட்டினேன். "இந்த வெரலப் பாருங்க. என்னையத் தேடித் தோண்டுன வெரலு. நீங்க ஒருத்தரும் வாறதுக்கு முன்னால தோண்டுனா."

நகங்கள் பாதிதான் முளைத்திருந்தன. பெரியவர் அதைப் பார்த்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார். அப்போது என் வீட்டுக்காரர் அவள் தலை மூட்டையை இறக்கிவிட்டு, குனிந்து ஓர் உருண்டையை எடுத்து, அந்தக் கையில் வைத்தார்.

கல் அஸ்திவாரத்தின் மேல் அந்த மண்ணை, தூங்குகிற பிள்ளையைக் கிடத்துவதுபோலப் பைய வைத்தாள். எனக்குப் பொறுக்கவில்லை.

"அறைஞ்சு வைட்டி! அன்னைக்குத் தூத்துனப்பம் இருந்த வேகம் எங்கன போச்சு?"

அவள் என்னை முறைத்தாள். பழைய முறைப்பு, எத்தனை நாள் கழித்து! அடுத்த உருண்டையை எடுத்து ஓங்கி அறைந்தாள். என் முகத்திலும் சேலையிலும் சேறு தெறித்தது.

"போதுமா மைனி?" என்றாள். அழுதுகொண்டே சிரித்தாள். நானும் அப்படித்தான்.

அன்று பொழுது சாயும் வரை அவள் மண் எடுத்துக் கொடுத்தாள், நான் வைத்தேன். விலக்கில் கங்காணியின் வண்டி எவ்வளவு நேரம் நின்றது என்று நாங்கள் பார்க்கவில்லை.