இயற்கை எய்தும் டப்பா

புத்தூர் வாடகை வீட்டின் முன்னறையில் பெலிண்டாவின் கம்ப்யூட்டரும் அவள் கணவன் டோனியின் கட்டிலும் ஒட்டி ஒட்டிக் கிடந்தன. பக்கவாதத்தில் டோனிக்கு வலது பக்கமும் பேச்சும் போயிருந்தன. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்கவைக்காவிட்டால் முதுகு புண்ணாகிவிடும். அதனால் அவள் வெளிவேலைக்குப் போக முடியாது. வீட்டிலிருந்தே டிசைன் செய்து கொடுக்க மிஞ்சியிருந்த ஒரே வாடிக்கையாளர் ரஞ்சனி. ஸ்ரீரங்கத்தில் 'அகல்' என்ற பெயரில் வெட்டிவேர் க்ரீம் செய்கிறவள்.

ரஞ்சனி கறாரானவள். பிளாஸ்டிக் கூடாது, ஸ்டிக்கர் கூடாது, பசை கூடாது, ஒரே மை, அட்டை மண்ணோடு மக்க வேண்டும். பெலிண்டா கறுப்பு மையில் ஒரு கட்டம் போட்டு, நடுவில் விளக்கு வரைந்தாள். 'மக்கும்' என்று எழுத மனம் வரவில்லை. குப்பை ஞாபகம் வந்தது. இங்கிலீஷ் மீடியத்தில் படித்தவளுக்கு, சுவரில் எங்கோ பார்த்த கம்பீரமான சொல் ஒன்று கைகொடுத்தது. 'பயன்படுத்தியபின் இயற்கை எய்தும்' என்று எழுதினாள்.

மாதிரி அட்டையைக் கட்டிலில் வைத்தபோது டோனி இடது கையால் அதைத் தட்டித் தட்டி முனகினான். பெட்பேன் வைத்தாள். மறுபடி முனகினான். புரட்டிப் படுக்கவைத்தாள்.

ரஞ்சனியும் போனில் படத்தைப் பார்த்துச் சரி என்றாளே தவிர, எழுத்தைப் படிக்கவில்லை. அரியமங்கலத்தில் அச்சடித்து அறுநூறு அட்டைகள் வந்து இறங்கின. ரஞ்சனி க்ரீம் விற்கப்போகும் கண்காட்சி மறுநாள். அன்று காலையிலேயே வாங்கிப்போக வந்த ரஞ்சனி ஒன்றைப் படித்துவிட்டு நாற்காலியில் பொத்தென்று உட்கார்ந்தாள்.

"பெருமாளே! என்னங்க இது? க்ரீம் பூசினா போய்ச் சேந்துடுவாங்கன்னு போட்டிருக்கீங்க! கறுப்புக் கட்டம், விளக்கு வேற. போட்டோ ஒண்ணுதான் பாக்கி!"

பெலிண்டா அச்சகக்காரர் அழகிரிக்குப் போன் போட்டாள்.

"எனக்கும் சந்தேகமாத்தாங்க இருந்துச்சு. ஏதோ புது ஃபேஷன்னு நெனச்சிட்டேன். திரும்ப அடிக்க நாலு நாளாவுங்க."

ரஞ்சனி எழுந்தாள். "வேற ஆளப் பாத்துக்கறேன்."

"ஒரு நிமிஷம் உக்காருங்க, மேடம்." பெலிண்டா ஓர் அட்டையைப் புரட்டி, உட்பக்கம் வெளியே வரும்படி மடித்தாள். வெறும் பழுப்பு. பிரஷ்ஷால் 'அகல் வெட்டிவேர் க்ரீம்' என்று எழுதினாள்.

"உள்ள படிப்பாங்களே?"

"அந்த வரிய மையால அடிச்சிடறேன். அறுநூறையும் நானே பண்ணித் தரேன்."

"சாயங்காலத்துக்குள்ள வேணும். இதுலயும் ஒரு தப்பு இருந்தா, இதோட முடிஞ்சுது."

ரஞ்சனி போனதும் பெலிண்டா தரையில் உட்கார்ந்து எழுதத் தொடங்கினாள். சோறு வடிக்கவில்லை. எழுதியவற்றைக் காய்வதற்காகக் கட்டிலின் ஓரமெல்லாம் பரப்பினாள். கொஞ்ச நேரத்தில் டோனி தட்டித் தட்டி முனகினான். பழக்கத்தில் பெட்பேனை எடுத்தவள் நின்றாள். அவன் விரல் இருந்த அட்டையை எடுத்துப் படித்தாள்.

'வெட்டிவேற் க்ரீம்.'

பெட்பேனைக் கீழே வைத்தாள். அவசரத்தில் அப்படி எழுதியிருந்த பதினேழு அட்டைகளைப் பொறுக்கி ஒதுக்கினாள். டோனியைப் புரட்டி, அட்டைகள் தெரியும் பக்கமாகப் படுக்கவைத்து, முதுகுக்குத் தலையணை கொடுத்தாள். பிறகு ஒவ்வொன்றையும் அவன் முகத்துக்கு நேரே காட்டிவிட்டுத்தான் அடுத்ததை எடுத்தாள்.