ஒற்றை விசில்

எங்கள் டிரைவர் முப்பது வருடம் பேருந்து ஓட்டியவன். கண்டக்டர் இரண்டு விசில் ஊதினால்தான் வண்டியை எடுப்பான். ஒரு விசில் என்றால் நிறுத்திவிடுவான். ஓய்வு பெற்றதும் இருவரும், அவர்களின் நண்பன், தையல்காரனான என்னையும் இழுத்துக்கொண்டு, கட்டிலும் அடுப்பும் வைத்த வேனில் நெடும்பயணம் கிளம்பினார்கள். அதிலும் விசில்தான். கேட்டால், "சட்டம்னா சட்டம்டா," என்பான் கண்டக்டர்.

பன்னிரண்டாம் நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்த கண்டக்டர் எழவேயில்லை. அங்கேயே தகனத்தை முடித்து, மறுநாள் காலை வேனில் ஏறினோம். என்ஜின் உறுமியது, வண்டி நகரவில்லை.

"எடுத்துத் தொலையேன்டா!" என்று எரிந்து விழுந்தேன்.

"இன்னும் விசில் வரலையே," என்றான் டிரைவர், கண்ணாடியைப் பார்த்தபடி.

கண்டக்டரின் பையில் கிடந்த விசிலை எடுத்து ஊதினேன். ஒன்று வந்தது. இரண்டாவதற்குப் பதில் அழுகைதான் வந்தது.

டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டான்.