நாலு கதவில் ஒன்று மட்டும் ஏன் ஒழுகியது?

ஜப்பான்காரன் வருவதற்கு நாலைந்து வருடம் முந்தி நடந்தது இது. அப்போது நாங்கள் மலாயாவில், கிள்ளான் ஊர் ரயில் ஸ்டேஷனுக்குப் பின்னால் குடியிருந்தோம். என் வீட்டுக்காரர் வாடகைக் கார் ஓட்டினார். பழைய கார்தான், ஆனாலும் சொந்தக் கார். எனக்கு அதன்மேல் கொள்ளை ஆசை. தினமும் துடைப்பேன். வெள்ளிக்கிழமை தவறாமல் பொட்டு வைத்து, பூ வைப்பேன்.

அந்தக் காரின் பின்பக்க இடது கதவு திடீரென்று ஒழுக ஆரம்பித்தது. மழை பெய்தால் கால் வைக்கிற இடமெல்லாம் தண்ணீர், சீட்டு ஓரமெல்லாம் ஈரம். கூடவே ஒரு கெட்ட வாடை. ஒருநாள் வாத்தியார் மனைவி ஒருவரின் பட்டுப் புடவை நனைந்து சாயம் இறங்கிவிட்டது. அந்த அம்மாள் ஊரெல்லாம் சொல்லிவிட்டார். வாடை போகட்டும் என்று நானும் பூவை இரண்டு முழமாக்கினேன்.

மூன்று மாதம் முன்புதான் அந்தக் கதவின் கண்ணாடி விரிசல் விட்டு, சீனப் பட்டறையில் புதிது போட்டிருந்தோம். பட்டறை முதலாளியான சீனரை எல்லாரும் தவுக்கே என்றுதான் கூப்பிடுவார்கள். நான் விட்டேனா? "அளவு கொறைச்சலா போட்டு உங்கள நல்லா ஏமாத்திட்டாரு. நீங்களும் தலையாட்டிட்டு வந்துட்டீங்க" என்று வீட்டுக்காரரைத் தூண்டிவிட்டேன். அவர் போய் நாலு பேர் முன்னால் சத்தம் போட்டுவிட்டு வந்தார். தவுக்கே பதிலுக்குக் கத்தவே இல்லையாம். "கண்ணாடி நல்லாத்தான் இருக்கு லா. தண்ணி எங்க போவுதுன்னு பாரு" என்று மட்டும் மலாயில் சொன்னாராம். அதுவே இவருக்கு இன்னும் கோபம்.

அந்த நேரத்தில் ஒரு கல்யாண சவாரி வந்தது. பக்கத்து ஊர் காப்பாரிலிருந்து மணப்பெண்ணைக் கிள்ளான் கோவிலுக்கு அழைத்து வரவேண்டும். பெண்ணின் அப்பா வீடு தேடி வந்து, "எம் பொண்ணு நனையாம வந்து எறங்கணும் தம்பி. முடியாதுன்னா இப்பவே சொல்லிடுங்க" என்றார். இவர் நெஞ்சைத் தட்டி, "ஒரு சொட்டு வராது அண்ணே" என்று வாக்குக் கொடுத்துவிட்டார்.

பட்டறைக்குத் திரும்பிப் போக ரோஷம் விடவில்லை. வேறு கடையில் கண்ணாடி வெட்டி வாங்கி, சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தார். கல்யாணத்துக்கு இரண்டு நாள் இருக்கும்போது, "நானே மாத்துறேன். என்ன பெரிய வித்தை!" என்று திருப்புளியோடு உட்கார்ந்தார். பழையது கழற்றும்போது உடைந்து, புதியதும் பொருந்தாமல் போனால்? கண்ணாடியே இல்லாத கதவோடு கல்யாணப் பெண்ணைக் கூட்டி வருவதா?

பயம் ஒரு பக்கம் இருந்தாலும், எனக்குள் வேறொன்றும் குடைந்துகொண்டிருந்தது. தண்ணீர் எந்த வழியாகத்தான் வருகிறது? அதை யாருமே கண்ணால் பார்க்கவில்லையே.

"என்னங்க, ஒரு வாளி ஊத்திப் பாத்துட்டு அப்பறம் கழட்டுங்க" என்றேன்.

"ஆமா, நீ பெரிய எஞ்சினியரு" என்று முனகினாலும் வாளியைத் தூக்கினார். நான் காருக்குள் ஏறி, கண்ணாடியைச் சுற்றி உள்பக்கமெல்லாம் திருநீற்றைத் தடவினேன். நீர் பட்டால் காட்டிக்கொடுத்துவிடும் அல்லவா? அவர் வெளியே நின்று ஊற்றினார். பக்கத்து வீட்டு அக்கா வேலியோரம் நின்று, "என்ன, காரு வயசுக்கு வந்துடுச்சா? தண்ணி ஊத்துறீங்க?" என்று கேட்டுச் சிரித்தாள்.

மூன்று வாளி ஊற்றியாயிற்று. திருநீறு காய்ந்தபடியே இருந்தது. ஆனால் கதவின் உள்பலகைக்கு அடியிலிருந்து தண்ணீர் கசிந்து என் காலை நனைத்தது. கண்ணாடி வழியாக வரவில்லை!

வலது கதவுக்கும் ஊற்றச் சொன்னேன். அங்கே கதவுக்கு அடியில் இருந்த சின்ன ஓட்டைகள் வழியாகத் தண்ணீர் தரையில் சொட்டியது. இடது கதவிலும் அதே ஓட்டைகள் இருந்தன, ஆனால் ஒரு சொட்டு வரவில்லை. கதவை ஆட்டிப் பார்த்தேன். இளநீரைக் குலுக்கின மாதிரி உள்ளே சத்தம் கேட்டது. கண்ணாடி இடுக்கு வழியாகக் கதவுக்குள் இறங்கின தண்ணீர், வெளியே போக வழியில்லாமல் அங்கேயே தேங்கி நிற்கிறது!

"கண்ணாடிய தொடாதீங்க. பலகைய மட்டும் கழட்டுங்க" என்றேன். திருகாணிகளை எடுத்துப் பலகையை விலக்கினார். குப்பென்று நாற்றம். கதவின் அடியில் கறுப்பாக, சேறு மாதிரி ஏதோ அடைத்துக் கிடந்தது. கையை விட்டு அள்ளினார். சேற்றோடு வாழை நார் வந்தது. அழுகின மல்லிகை வந்தது.

நாரைக் கையில் பிடித்தபடி அவர் என்னைப் பார்த்தார். எனக்கு உடம்பெல்லாம் கூசிப்போயிற்று.

ஆட்கள் ஏறுகிற கதவு அது. லட்சுமி அந்த வழியாகத்தான் வருவாள் என்று, அந்த ஒரு கதவின் கண்ணாடி ஓரத்தில் மட்டும் வாராவாரம் பூச்சரம் செருகியவள் நான்தான். கண்ணாடியை ஏற்றி இறக்கும்போதெல்லாம் பூ உள்ளே போயிருக்கிறது. வாடைக்காக நான் கூடுதலாக வைத்த பூவும் அதற்குள்தான் போயிருக்கிறது!

"ஐயோ, அந்த மனுசன நாலு பேரு முன்னாடி திட்ட வச்சிட்டேனே" என்று அழுதுவிட்டேன். இவர், "நீ சொன்னே, நான் திட்டுனேன். ரெண்டு பேருமே போவோம்" என்றார்.

மறுநாள் பட்டறையில் கூட்டம் இருந்த நேரமாகப் பார்த்துத்தான் போனோம். திட்டினது நாலு பேர் முன்னால் என்றால், மன்னிப்பும் அப்படித்தானே கேட்கவேண்டும்? எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் எல்லாவற்றையும் சொன்னேன். தவுக்கே நம்பாமல், "காருக்கா பூ?" என்று இரண்டு தடவை கேட்டார். பிறகு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். அதோடு விடாமல் காரை உள்ளே விடச் சொல்லி, கதவு ஓட்டைகளைக் கம்பியால் குத்தி, தண்ணீர் ஓடுகிறதா என்று தானே ஊற்றிப் பார்த்துக்கொண்டார்.

கல்யாணத்தன்று காப்பாரிலிருந்து வழிநெடுக அடைமழை. நான் கோவில் வாசலில் காத்து நின்றேன். மணப்பெண் இறங்கினதும் முகத்தைப் பார்க்காமல் புடவைக் கரையைத்தான் முதலில் பார்த்தேன். துளி ஈரமில்லை.

இன்றைக்கும் யார் மேலாவது பழி சொல்ல என் வாய் துடிக்கும்போது, அந்தக் கதவுக்குள் அழுகிக் கிடந்த என் பூவின் நாற்றம் மூக்கில் ஏறுகிறது. உடனே வாயை மூடிக்கொண்டு, முதலில் ஒரு வாளித் தண்ணீரைத் தேடுகிறேன்.